விடிலி அடுப்புக்குள் இன்னோர் அடுப்பு

ஆனி மாதக் கடைசி வாரத்தில், தொடர்ந்து மூன்று நாட்கள், 40 லிட்டர் பதநீர் 24 கிலோ விறகில் கருப்பட்டியானது. அதே தாச்சியில், அதாவது அகன்ற இரும்புச் சட்டியில், அதே அளவு பதநீருக்கு, பங்குனியில் நான் எடைபோட்ட விறகு 41 கிலோ. இடையில் அடுப்பை மூன்று முறை கட்டிப் பிரித்தேன். ஐந்து கிலோ கருப்பட்டியைக் கருக்கினேன். ஓலைக் கூரை தீப்பிடிக்கும் நிலை வரைக்கும் போய் மீண்டேன். எந்த அளவு சரியாக வந்தது, எது தவறியது என்பதெல்லாம் நினைவில் கலங்கிப்போவதற்கு முன் எழுதிவைக்கிறேன். விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசையில், அடுப்பு வைத்திருக்கும் வேறு எவருக்கேனும் இது ஒரு மாதத்தை மிச்சப்படுத்தினால் நல்லது.

இடம் திசையன்விளைக்குத் தெற்கே, உவரிக்குப் போகும் வழியில் உள்ள ஒரு பனங்காடு. அத்தான் பனையேறுகிறார், அக்கா காய்ச்சுகிறாள். பங்குனி முதல் ஆடி வரை, காலையில் இறக்கும் பதநீர் வெயில் ஏறுவதற்குள் அடுப்பில் இருக்க வேண்டும். கலயத்தின் உட்புறம் பூசிய சுண்ணாம்பு புளிப்பைத் தள்ளிப்போடுமே தவிர முற்றாகத் தடுக்காது. ஆகையால் அடுப்பைச் சோதிப்பதற்கென்று தனியாக ஒரு நாள் கிடைக்காது. ஒவ்வொரு சோதனையும் அன்றைய வருமானத்தின் மேல் செய்யும் சோதனைதான். இதை அக்கா ஏற்றுக்கொண்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பழைய அடுப்பு அத்தானின் தகப்பனார் கட்டியது. கல்லும் செம்மண்ணும் வைத்துக் குதிரை லாட வடிவில் எழுப்பிய சுவர். உள்விட்டம் 34 அங்குலம், உயரம் 30 அங்குலம், வாய் 18 அங்குல அகலமும் 16 அங்குல உயரமும். அதை இடித்துப் புதிதாகக் கட்டலாமா என்று கேட்டதற்கு அத்தான் ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். "உள்ள என்ன வேணும்னாலும் பண்ணிக்கிடும். சுவத்துல கை வைக்காதேயும்" என்றார். பிற்பாடு புகைக்காக ஓரிடத்தில் சுவரில் கை வைக்கத்தான் நேர்ந்தது. அதற்கு மறுபடியும் அனுமதி கேட்டேன். மற்றபடி இந்த வேலை முழுவதும் பழைய அடுப்பின் வயிற்றுக்குள் நடந்த வேலை. சுவர் தயாராக நின்றதால் அது ஒருவகையில் வசதியாகவும் அமைந்தது.

பழைய அடுப்பின் குறையைக் காண அதிக நேரம் தேவைப்படவில்லை. அகலமான வாய் வழியே தேவைக்கு மேல் காற்று புகுந்து தீயைக் குளிரவைத்தது. தாச்சியைச் சுற்றி இரண்டு முதல் மூன்று அங்குல இடைவெளி இருந்ததால் தீ நாக்குகள் தாச்சியைத் தொட்டும் தொடாமலும் மேலே போயின. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று இந்தப் பக்கம் எப்படி வீசும் என்பது இங்கே காற்றாலைகளுக்கு நடுவில் வாழும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காற்று அடுப்புக்குள் புகுந்தால் தீ பக்கவாட்டில் படுத்துவிடும். புகை முழுவதும் விடிலிக்குள்தான். பனைமட்டையின் அடியில் வலைபோல் இருக்கும் சில்லாட்டையால் பதநீரை வடிகட்டும்போதும், நுரை பொங்காமல் இருக்க நசுக்கிய ஆமணக்கு முத்தைப் போடும்போதும் அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டுதான் நிற்பாள். நான்கு மணி நேரம், நாள்தோறும். விறகுக் கணக்கைவிட இதுதான் என்னை இந்த வேலையில் இறக்கியது.

நான் உள்ளே அமைக்க நினைத்தது ராக்கெட் அடுப்பு எனப்படும் அமைப்பு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் லாரி வினியார்ஸ்கி என்பவர் வகுத்த முறை அது. சிறிய வாய், வெப்பத்தை உறிஞ்சாத சுவர் கொண்ட குறுகிய நெருப்பறை, அதற்கு மேல் செங்குத்தான தொண்டை, தொண்டைக்கும் பாத்திரத்துக்கும் நடுவே அளந்து விட்ட இடைவெளி. சுருக்கம் இவ்வளவுதான். படிக்கும்போது எளிதாக இருந்தது.

முதல் தவறு கடையிலேயே நிகழ்ந்தது. நெருப்புக்கு நெருப்புச் செங்கல்தான் பொருத்தம் என்று எண்ணி, ஒன்று 65 ரூபாய் வீதம் 28 கல் வாங்கினேன். கனமான, நல்ல கற்கள். ஒவ்வொன்றும் 3 கிலோ 900 கிராம். அவற்றை வைத்து 7 அங்குலச் சதுரத்தில் நெருப்பறையும் தொண்டையும் கட்டினேன். அடுப்பின் பின்சுவரில் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே 12 அங்குல அகலம், 4 அங்குல உயரத்தில் ஒரு துளை இட்டு, அதன் வழியாகப் புகையை வெளியே எடுத்து, 6 அங்குல விட்டமுள்ள தகரக் குழாயை விடிலிக்கு வெளியே நிறுத்தினேன். ஆறு அங்குலக் குழாய் கடையில் ஆயத்தமாக இருந்தது. எட்டு அங்குலம் என்றால் சொல்லிச் செய்ய வேண்டும், விலையும் இரண்டு மடங்குக்கு மேல். அதனால் ஆறை வாங்கினேன்.

பற்றவைத்ததும் தீ உள்ளே போக மறுத்தது. புகை வாய் வழியாகவே திரும்பி வந்தது. சிறிய வாய் என்பதால் அது அக்காவின் முகத்துக்கு நேராக ஒரே தாரையாக வந்தது. பழைய அடுப்பில் பரவலாக இருந்த துன்பத்தை நான் ஓரிடத்தில் குவித்துக் கொடுத்திருந்தேன். ஐந்து மணி நேரமும் 44 கிலோ விறகும் ஆயின. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் அத்தான் மட்டும், "ஏ மாப்பிள, பழசே தேவலாம் போலிருக்கே" என்றார். அவர் சொன்னது அன்றைக்கு முற்றிலும் சரி.

இரவில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் குற்றம் தெரிந்தது. தொண்டை ஏழுக்கு ஏழு, ஆக 49 சதுர அங்குலம். ஆறு அங்குல வட்டக் குழாயின் பரப்பு ஏறத்தாழ 28 சதுர அங்குலந்தான். 49இல் எழுந்து வரும் புகையை 28இல் நுழையச் சொன்னால் அது எங்கே போகும்? எட்டு அங்குலக் குழாய் என்றால் 50 சதுர அங்குலம் வரும். அன்று முதல் சுவரில் கரிக்கட்டியால் 49 என்று எழுதிவைத்தேன். வாயிலிருந்து குழாயின் உச்சி வரை புகை போகும் வழி எந்த இடத்திலும் இதற்குக் குறையக் கூடாது, வெகுவாக மிஞ்சவும் கூடாது. இந்த அடுப்பின் மற்ற எல்லா அளவுகளும் அந்த ஓர் எண்ணிலிருந்து வந்தவை.

எட்டு அங்குலக் குழாயை வள்ளியூரில் ஒரு தகரப் பட்டறையில் 20 கேஜ் தகட்டில் 10 அடி நீளத்துக்குச் செய்து வாங்கினேன். தொப்பியும் சேர்த்து 2,900 ரூபாய். மாட்டிய அன்றே இழுவை தெரிந்தது. வாயில் கையை வைத்தால் காற்று உள்ளே போவது விரலில் உணர முடிந்தது. விறகு எரியும்போது அடிவயிற்றிலிருந்து வருவதைப் போன்ற ஒரு மெல்லிய உறுமல் கேட்டது. புகை முற்றிலும் வெளியே போயிற்று. அக்கா வாய்க்கு நேராகக் குனிந்து பார்த்துவிட்டு, "எலேய், உள்ள எரியுதா, அணைஞ்சிட்டா?" என்று கேட்டாள். புகை இல்லாததால் தீயே இல்லை என்று எண்ணிவிட்டாள்.

அந்த மகிழ்ச்சியில் குழாய் எவ்வளவு சூடாகும் என்பதை நான் நினைக்கவில்லை. கூரையின் தாழ்ந்த விளிம்பான இறப்பிலிருந்து ஒன்பது அங்குலம் தள்ளித்தான் குழாயை நிறுத்தியிருந்தேன். மூன்றாம் நாள் அத்தான் பதநீர்க் கலயத்தோடு வந்தபோது இறப்போலையின் நுனி பழுப்பேறி மெல்லப் புகைந்துகொண்டிருந்ததைக் கண்டு சத்தம் போட்டார். கையில் இருந்த பதநீரையே அள்ளி வீசினோம். அன்றே அடுப்பை அணைத்து, குழாயின் அடியில் ஒரு முழங்கை வைத்து இரண்டடி வெளியே தள்ளினேன். இறப்பின் அந்தப் பகுதியில் மூன்றடி நீளத்துக்கு ஓலையை நீக்கித் தகரம் அடித்தேன். தொப்பிக்குள் கொசுவலையைவிடச் சற்றுப் பெரிய கண்ணுள்ள கம்பிவலை ஒன்றைப் பொருத்தினேன், பொறி பறந்து கூரையில் விழாமல் இருக்க. அந்த வலையில் கரி அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஏணி வைத்து ஏறித் தட்டிவிட வேண்டும். ஓலை வேய்ந்த விடிலியில் இந்த அடுப்பைக் கட்ட நினைக்கும் எவரும் இந்த ஒரு பத்தியை மட்டும் இரண்டு முறை படிக்க வேண்டுகிறேன். பற்றவைக்க ஒரு கைப்பிடி ஓலையைத் தவிர இந்த அடுப்பில் ஓலை எரிப்பதையும் அடியோடு நிறுத்திவிட்டோம். ஓலைச் சாம்பல் எரிந்தபடியே குழாயில் ஏறிப் பறக்கிறது.

இந்த நிலையில் விறகு 34 கிலோவாகக் குறைந்திருந்தது. ஆனாலும் முதல் ஒரு மணி நேரம் பதநீர் கொதிக்கவே இல்லை. 109 கிலோ நெருப்புச் செங்கல் தன்னைச் சூடாக்கிக்கொள்வதற்கே நான் விறகு வைத்துக்கொண்டிருந்தேன். நெருப்பைத் தாங்குவது வேறு, வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவது வேறு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு வேண்டியது கனமான கல் அன்று; உள்ளே காற்றறைகள் நிறைந்த, தக்கைபோன்ற கல்.

அதற்காகக் காருக்குறிச்சிக்குப் போனேன். தாமிரபரணிப் பாசனக் குளத்து மண்ணில் பானை வனையும் ஊர் அது. அங்கே ஒரு பெரியவரிடம் விவரத்தைச் சொன்னதும், மண்ணில் உமியைக் கலந்து சுட்டால் உமி எரிந்து போய்க் கல் முழுக்கப் பொத்தலாகிவிடும் என்று அவரே சொன்னார். முதலில் ஒரு மரக்கால் களிமண்ணுக்கு மூன்று மரக்கால் உமி கலந்தோம். சூளையிலிருந்து எடுத்தபோது எடையற்றுத்தான் இருந்தன. ஆனால் கட்டைவிரலால் அழுத்தினாலே மூலை உதிர்ந்தது. அடுத்த சூளைக்கு ஒரு மரக்காலுக்கு ஒன்றரை மரக்காலாகக் குறைத்தோம். அது நின்றது. 9 அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், 2 அங்குலக் கனம். எடை 1 கிலோ 350 கிராம். சுண்டினால் கணீரென்று ஒலிக்காது, மரத்தைத் தட்டியதுபோல் மந்தமான ஓசை வரும். ஒன்று 18 ரூபாய் வீதம் 40 கல் எடுத்துக்கொண்டேன். தேவைப்பட்டவை 24 மட்டுமே என்றாலும், பேருந்தில் கொண்டுவரும்போது ஐந்து உடைந்தன. மிச்சம் இருப்பது மாற்றுவதற்கு உதவும்.

இந்த அளவுக் கல்லில் ஒரு வசதி தானாக வந்து சேர்ந்தது. நான்கு கற்களைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, ஒன்றின் தலை அடுத்ததன் விலாவில் முட்டுமாறு சுற்றி நிறுத்தினால், 9இல் 2 போக நடுவே சரியாக 7 அங்குலச் சதுரம் கிடைக்கிறது. கல்லை வெட்டவே தேவையில்லை. வரிசைக்கு நாலரை அங்குல உயரம்; மூன்று வரிசையும், மேலே அறுத்த கல்லில் ஒரு சிறு வரிசையுமாக 16 அங்குலத் தொண்டை. மேல்வரிசையின் கற்களை மட்டும் பழைய ரம்பத்தால் அறுத்தேன், மரத்தைப்போலவே அறுபட்டது. கீழ்வரிசையில் முன்பக்கக் கல்லை விட்டுவிட்டு, அங்கிருந்து அடுப்பின் வாய் வரை 14 அங்குல நீளத்துக்கு விறகு வைக்கும் சுரங்கம். இணைப்புக்கு அதே களிமண்ணும் சலித்த சாம்பலும் சமபாகம். சிமெண்ட் வேண்டாம், சூட்டில் பொரிந்துவிடும்.

கட்டுவதற்கு முன்பே அடித்தளத்தில் நான்கு அங்குலக் கனத்துக்கு உமிச்சாம்பலை இடித்து நிரப்பியிருந்தேன். தொண்டைக்கும் பழைய கல்சுவருக்கும் இடையே இருந்த முழு இடத்தையும் அதே உமிச்சாம்பலால் நிரப்பினேன். அரிசி ஆலையில் கொதிகலனிலிருந்து அள்ளிப்போடும் சாம்பல் அது. மூட்டை 30 ரூபாய் வீதம் ஆறு மூட்டை. இந்த வேலையில் செலவிட்ட பணத்துக்கு இவ்வளவு பலன் கொடுத்த பொருள் வேறொன்றும் இல்லை. நான்கு மணி நேரம் எரிந்த பிறகும் பழைய சுவரின் வெளிப்புறத்தில் உள்ளங்கையை வைத்து எடுக்காமல் இருக்க முடிகிறது. முன்பு அதே சுவரில் அக்காவின் சேலை பட்டுக் கருகியதுண்டு.

சுரங்கத்தின் தரையிலிருந்து இரண்டரை அங்குல உயரத்தில் 10 மில்லிமீட்டர் கம்பியால் ஒரு சல்லடைத் தட்டு வைத்தேன். விறகு அதன் மேலேயும் காற்று அதன் கீழேயும் போகும். முதலில் இதை விட்டுவிட்டுக் கட்டியிருந்தேன். விறகு தரையில் கிடந்தால் அதன் அடிப்பாகம் கரியாகவே நின்றுபோகிறது. தட்டு வைத்த அன்று தணலின் நிறமே மாறியது, செம்மையிலிருந்து மஞ்சளுக்கு.

அடுத்தது தாச்சி உட்காரும் இடம். முப்பது அங்குல விட்டமுள்ள இரும்புத் தாச்சி. எட்டு அங்குலம் அடுப்புக்குள் இறங்கும்படி வைத்தேன். தொண்டையின் சுற்றளவு 28 அங்குலம். 49ஐ 28ஆல் வகுத்தால் ஒன்றே முக்கால். அதுவே தொண்டையின் உதட்டுக்கும் தாச்சியின் அடிக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி. தாச்சியின் விளிம்பருகே சுற்றளவு 94 அங்குலம்; அங்கே இடைவெளி அரை அங்குலம் போதும். நடுவில் ஒன்றே முக்காலில் தொடங்கி, வெளியே போகப் போகக் குறுகி, விளிம்பில் அரையில் முடிய வேண்டும். இந்தக் கிண்ண வடிவத்தைச் சாம்பலும் களிமண்ணும் கலந்த பூச்சில் கையால் வடித்தேன். சரிபார்க்க, பூச்சின் மேல் பிசைந்த மாவு உருண்டைகளைப் பன்னிரண்டு இடங்களில் வைத்து, தாச்சியை இறக்கி, மெதுவாகத் தூக்கி, நசுங்கிய மாவின் கனத்தை ஒவ்வொன்றாக அளந்தேன். இரண்டு நாட்கள் இதற்கே போயின. இந்த இரண்டு நாட்களில் கிடைத்த மிச்சம் மற்ற எதிலும் கிடைக்கவில்லை. இதில் மட்டும் அவசரப்படக் கூடாது.

தாச்சிக்கும் அடுப்புச் சுவருக்கும் இடையே புகை கசியாமல் மூடுவதும் ஒரு சிக்கலாக இருந்தது. களிமண் பூசினால் நாள்தோறும் தாச்சியைத் தூக்கும்போது உடையும். தாச்சியின் வெளிப்புறத்தில் விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே ஒரு இரும்புப் பட்டையை வளையமாகப் பற்றவைத்தேன். அடுப்பின் மேல்விளிம்பில் ஒரு விரல் ஆழத்துக்குச் சுற்றிலும் பள்ளம் விட்டு, அதில் தேரி மணலை நிரப்பினேன். வளையத்தின் கீழ்விளிம்பு மணலுக்குள் புதைந்து நிற்கும். தூக்கினால் மணல் தானாகச் சரிந்து நிரம்பும். இறக்கினால் மறுபடி மூடிக்கொள்ளும். நம் பக்கத்துச் சிவந்த மணல் அவ்வளவு பொடி. அதனால்தான் இது நன்றாக வேலை செய்கிறது. ஆற்று மணலில் புகை கசிந்தது.

இப்போது விறகு 27 கிலோ, நேரம் மூன்றேகால் மணி. ஆனால் தாச்சியின் பின்பாதி மட்டும் தளதளவென்று கொதித்தது, முன்பாதி சும்மா இருந்தது. புகைக்குழாய் இருக்கும் பக்கத்துக்கே தீ ஓடிவிட்டது. அந்தப் பக்கம் மட்டும் விளிம்பின் இடைவெளியைக் கால் அங்குலமாகக் குறைத்து, எதிர்ப்பக்கம் சற்றே கூட்டினேன். அடுத்த நாள் கொதி நடுவிலிருந்து நாலாபுறமும் சமமாக வந்தது. விறகு 23 கிலோ. அன்று நான் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. மறுநாள், பதநீர் கெட்டிப் பாகாகும் கூப்பனிப் பதம் தாண்டிய பிறகு பாகு திடீரென்று அடிபிடித்தது. கருப்பட்டி காய்ச்சியவர்களுக்குத் தெரியும்: முதல் மூன்று மணி நேரம் நீரை விரட்டும் வேலை, எவ்வளவு தீ கொடுத்தாலும் தகும், கடைசி அரைமணி முற்றிலும் வேறு வேலை. பாகு இறுகி, குமிழ்கள் சிறுத்து, துடுப்பு இழுத்த தடம் ஒரு கணம் நின்று மூடும். அப்போது தீ தணிந்து, பரவி இருக்க வேண்டும். பழைய அடுப்பின் சோம்பேறித் தீ அந்த வேலைக்கு நன்றாகவே பொருந்தியிருந்தது. என் தொண்டையிலிருந்து வந்த தீயோ தாச்சியின் நடுவில் ஓர் உள்ளங்கை அகலத்தில் குத்தியது. அக்கா துடுப்பை நிறுத்தவே இல்லை. இருந்தும் நடுவில் கறுத்து, அந்தக் கசப்பு முழுவதும் பரவிவிட்டது. ஒரு நாள் பதநீர், ஐந்து கிலோ கருப்பட்டி, கிலோ 350 ரூபாய் வீதம் 1,750 ரூபாய் வீண். அதைவிட, அத்தான் அன்று விடியலில் ஏறி இறங்கிய மரங்கள் என் கண்முன் நின்றன.

இதற்கு முதல் மருந்தாகத் தொண்டையின் வாய்க்கு மேல் 12 அங்குல வட்டத்தில் 6 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒன்றை நிரந்தரமாக வைத்தேன். தீ பரவியது, ஆனால் விறகு 29 கிலோவாக ஏறியது. வென்ற பாதியைத் திருப்பிக் கொடுப்பதாக இருந்ததால் நான்காம் நாள் அதை எடுத்துவிட்டேன்.

கடைசியில் உதவியது எடையற்ற கல்லின் குணமேதான். கனமான சுவர் விறகை இழுத்த பின்னும் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். இந்தக் கல் வெப்பத்தைச் சேர்த்துவைப்பதில்லை, ஆகவே விறகை வெளியே இழுத்த மறுகணமே தீ அடங்குகிறது. குழாயின் அடியில் 350 ரூபாய் செலவில் திருகக்கூடிய ஓர் அடைப்புத் தகடு வைத்தேன். இப்போது செய்வது இதுதான்: 200 டிகிரி வரை காட்டும் வெப்பமானியைப் பாகில் விட்டு, 106 டிகிரி வந்ததும் விறகுகளை எல்லாம் வெளியே இழுத்து மணலில் செருகி அணைத்துவிட வேண்டும், அவை நாளைக்குப் பற்றவைக்க உதவும். தணலைத் துடுப்பால் தொண்டைக்கு நேர்கீழே தள்ளி, அடைப்பை முக்கால்வாசி மூடி, வாய்க்கு ஒரு தகரம் சார்த்த வேண்டும். வெறும் தணலில் ஏறத்தாழ 25 நிமிடத்தில் 118 டிகிரிக்கு வருகிறது. ஒரு சொட்டுப் பாகைச் சிரட்டைத் தண்ணீரில் விட்டு, அது உருளுகிறதா என்று அக்கா விரலால் பார்த்துச் சொல்வதும் அதே நேரத்தில்தான். தொடக்கத்தில் வெப்பமானியை நம்பினேன். பதநீர் சற்றுப் புளிப்பேறிய நாட்களில் 118க்கு முன்பே இறக்க வேண்டியிருப்பதை அக்காவின் விரல்தான் காட்டியது. ஆகவே 106க்கு வெப்பமானி, இறக்குவதற்கு அக்கா என்று பிரித்துக்கொண்டோம். மூன்று நாள் எடைபோட்டதில் முறையே 24, 23 கிலோ 800 கிராம், 24 கிலோ 300 கிராம். விறகு மூன்றும் ஒரே குவியலில், ஒரு மாதம் காய்ந்த சீமைக்கருவேலம். எடை எடுத்தது தொங்குதராசில்.

செலவைப் பார்க்கலாம். நிலைத்து நிற்பவை: உமிக்கல் 720, உமிச்சாம்பல் 180, கம்பித் தட்டு 650, புகைக்குழாய் 2,900, அடைப்புத் தகடு 350, தாச்சி வளையம் 900, பின்சுவரில் துளையிட்ட கொத்தனார் கூலி 900, மொத்தம் 6,600 ரூபாய். என் தவறுகளுக்கு ஆனவை: நெருப்புச் செங்கல் 1,820, ஆறு அங்குலக் குழாய் 1,350, வட்டத் தகடு 480, ஆக 3,650 ரூபாய், கருகிய கருப்பட்டி தனி. மிச்சமாகும் விறகு நாளொன்றுக்கு 17 கிலோ. ஆனால் எரிப்பதில் பாதி தோட்டத்துப் பனைமட்டைதான். கிலோ ஐந்து ரூபாய்க்கு வாங்குவது மறுபாதி. எனவே கையில் நிற்பது நாளுக்கு 42 ரூபாய் அளவே. 6,600 ரூபாய் திரும்ப வர 157 காய்ச்சல் நாட்கள், அதாவது ஒரு பருவத்துக்கு மேல் ஆகும். உடனே லாபம் என்று எவரிடமும் நான் சொல்லமாட்டேன்.

அக்காவுக்கு ஒரு குறை இருக்கிறது, அது நியாயமானது. பழைய வாய்க்குள் பனையின் கருக்குமட்டையை முழுதாகத் தள்ளலாம். இந்த வாயில் விறகு நுழைய ஏழு அங்குல அகலமும் நாலரை அங்குல உயரமும்தான். மட்டையை நீளவாக்கில் பிளக்க வேண்டும், கட்டையை மணிக்கட்டு அளவுக்குச் சிதைக்க வேண்டும். நாள்தோறும் அரைமணி நேரம் அரிவாளும் கோடாரியுமாகப் போகிறது. இப்போதைக்கு அந்த வேலையை மாலையில் அத்தான் செய்கிறார். விறகு வைப்பவர் பக்கத்திலேயே இருந்து, எரிய எரியத் தள்ளிக்கொடுக்கவும் வேண்டும்; பெரிய கட்டையை வைத்துவிட்டு வேறு வேலை பார்க்க முடியாது. இதற்கு ஈடாகப் புகை இல்லை. "கண்ணு எரியல தம்பி, அது போதும்" என்கிறாள்.

மறுமுறை கட்டினால் சிலவற்றை மாற்றுவேன். சல்லடைத் தட்டின் கீழ் சாம்பல் அள்ளும் வழியை இரண்டரை அங்குலத்திலிருந்து மூன்றரை ஆக்குவேன். மூன்றாம் மணி நேரத்தில் சாம்பல் நிரம்பி இழுவை குறைகிறது. வாயைக் கிழக்கே பார்க்க அமைப்பேன். பழைய வாய் மேற்கே பார்ப்பதால் ஆடிக்காற்றுக்கு ஒரு தட்டி நிறுத்தவேண்டியிருக்கிறது. ஆனால் அதற்குச் சுவரை மாற்ற வேண்டும், அத்தானிடம் இன்னும் கேட்கவில்லை. குழாய்க்குள் நுழையும் புகையில் கை வைக்க முடியாத சூடு இன்னும் இருக்கிறது. துளைக்கும் குழாய்க்கும் நடுவே இரண்டாவது ஒரு சிறு தாச்சியை உட்காரவைத்தால், அடுத்து ஊற்றவேண்டிய பதநீர் அங்கேயே சூடேறி நிற்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் தொடங்கிய அஸ்த்ரா மையம் உருவாக்கிய அடுப்பில் ஒரே தீயை மூன்று பாத்திரங்களுக்கு அடியில் வரிசையாக ஓட்டுகிறார்கள், அதே வழிதான். அதற்குக் குழாயை இன்னும் இரண்டடி உயர்த்த வேண்டிவரும் என்று நினைக்கிறேன்.

தொண்டையின் கீழ்வரிசையில் இரண்டு கற்கள் மூலையில் விரிந்திருக்கின்றன. விறகு முட்டும் இடம் அது. களிமண் சாம்பல் கலவையால் அடைத்திருக்கிறேன், ஆடி முடியும்வரை தாங்கும். மிச்சம் உள்ள கற்கள் விடிலியின் மூலையில் அடுக்கியிருக்கின்றன. அந்த இரண்டு இடத்துக்கு மட்டும் உமியைக் குறைத்து, ஒன்றுக்கு ஒன்று கலந்து, ஆறு கல் சுட்டுத்தருமாறு காருக்குறிச்சிப் பெரியவரிடம் சொல்லியிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் கடைசிச் சூளையில் வைப்பதாகச் சொன்னார்.